ஆவுடை விற்ற ஞாயிற்றுக்கிழமைகள்

அந்தக் காலம் எந்தக் காலம் என்று யாரும் கேட்காதீர்கள். கழுதைக்கும் பேச்சு வந்த காலம். கிழமைகளை வாங்குவதற்கென்றே ஒருவன் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராய் வந்த காலம். அப்போது சேந்தமல்லி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் கோட்டை வாசலுக்கு வெளியே, ஆற்றங்கரையை ஒட்டி, ஆவுடை என்ற பெண் ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தாள்.

பட்டறை ஒன்றும் பெரியதில்லை. தரையில் பதித்த மூன்று தொட்டிகள், மேலே ஓலைக் கொட்டகை, துணி காயப்போட ஆற்றோரத்துப் பாறைகள். அவ்வளவுதான். ஆனால் அவுரி இலையை ஊறவைத்து அவள் எடுக்கிற நீலத்துக்கு நாடு முழுக்கப் பேர். தொட்டியிலிருந்து தூக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் பார்க்கப் பார்க்க நீலமாகிவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே வழிப்போக்கர்கள் நின்றுவிட்டுப் போவார்கள்.

அவள் புருஷன் வைரவன், கொல்லைகளிலிருந்து அவுரித் தழையைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வருவான். அவர்களுக்கு ஒரே மகள், நாச்சி. பட்டறை ஆரம்பித்த அன்றே புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து வாரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். திங்கள் இலை ஊறவேண்டும். செவ்வாய் ஊறலை அடித்துக் கலக்கவேண்டும். புதனும் வியாழனும் துணி முக்கும் நாள். வெள்ளி அலசிக் காயப்போடும் நாள். சனி மடித்துக் கொடுக்கும் நாள். காலையில் கோட்டை முரசு அடித்தால் கதவு திறக்கும், மாலையில் முரசு அடித்தால் சாத்தும். ஞாயிறு திறக்காது. அன்றைக்குத் தொட்டிக்கும் ஓய்வு, மனுஷருக்கும் ஓய்வு. மூன்று பேரும் சோறு கட்டிக்கொண்டு ஆற்று மணலுக்குப் போய்விடுவார்கள்.

இப்படி இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பெண்ணைப் பெற்றவள் ஒருத்தி புடவையோடு வந்து நின்றாள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் திறக்கக் கூடாதா என்று கெஞ்சினாள். ஆவுடைக்கு இல்லை என்று சொல்ல வராது. சொன்னால் மனசு நோகுமே என்று ஒரு பயம். மேலத்தெருச் சாயக்காரனிடம் போய்விடுவார்களே என்று இன்னொரு பயம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்று கதவைத் திறந்தாள்.

அடுத்த ஞாயிறு கோயில் கொடித்துணி வந்தது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். அதற்கடுத்த ஞாயிறு படகுக்காரர்களின் பாய் வந்தது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். ஞாயிறெல்லாம் வேலை பார்த்த அசதியில் செவ்வாய்க்கிழமை எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தாள். ஒரு வாரம் வியாழன் மூடிக் கிடந்தது, ஒரு வாரம் சனி. பத்துக் காதம் நடந்து வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்தம்மா எப்போ திறப்பா எப்போ சாத்துவான்னு அவளுக்கே தெரியாது என்று ஊருக்குள் பேச்சானது.

வைரவன் சண்டை போடுகிறவன் இல்லை. சாயங்காலமானால் பட்டறை வாசலில் வந்து நிற்பான். "ஆவுடை, சீக்கிரம் சாத்திட்டு வா. ஆத்துக்குப் போகலாம்" என்பான். அவள் இதோ என்பாள். அவன் நிற்பான். அவள் மறுபடியும் இதோ என்பாள். கடைசியில் அவன் நாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய்விடுவான்.

சாயத்தொட்டி கறவை மாட்டைப் போல. வேளைக்கு வேளை கவனித்தால்தான் உயிரோடு இருக்கும். தேர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆவுடையின் மூன்று தொட்டிகளும் ஒரேயடியாகச் செத்துப்போயின. அழுகல் நாற்றம் கொட்டகை முழுக்க நிறைந்தது. முக்கியெடுத்த துணியெல்லாம் சாம்பல் நிறத்தில் வந்தது. பாதி ஊரின் திருவிழாத் துணி அவள் கொட்டகையில் கிடந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. கிழட்டுக் கழுதை ஒன்று இழுத்துவந்த வண்டி. மேலே வாய் கட்டிய மூட்டைகள். ஓட்டி வந்தவனுக்கு இன்ன வயது என்று சொல்ல முடியாத முகம். தன் பெயர் கிழமையாண்டி என்றான்.

"தொட்டிக்கு நான் உயிர் குடுக்கிறேன் தாயே. உங்ககிட்ட வேண்டாத ஞாயித்துக்கிழமை ஒண்ணு கிடக்குதே, அதை எனக்குக் குடுத்துடுங்க."

"கிழமையை எப்படிக் குடுக்கிறது?"

"குடுத்தேன்னு வாயால சொன்னாப் போதும்."

ஆவுடை யோசித்துப் பார்த்தாள். ஞாயிறென்று தனியாக எனக்கு என்ன இருக்கிறது, அன்றைக்கும் வேலைதானே பார்க்கிறேன் என்று தோன்றியது. கொடுத்தேன் என்றாள். கிழமையாண்டி ஒவ்வொரு தொட்டியிலும் கட்டைவிரலை நனைத்தான். நாற்றம் போனது. நீலம் நுரைத்துக்கொண்டு எழும்பியது. வண்டிக் கழுதை வெயிலில் நாக்கு வறண்டு நிற்பதைப் பார்த்து ஆவுடை ஒரு சட்டி கஞ்சித் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். அது குடித்துவிட்டு, ஏதோ சொல்ல வருவதைப் போல அவளையே பார்த்தது.

சனிக்கிழமை படுத்தாள். விழித்தபோது திங்கட்கிழமை. நடுவில் ஒரு நாள் போன தடமே இல்லை.

"நேத்து முழுக்க நீ காலித் தொட்டியைக் கலக்கிக்கிட்டே நின்னே அம்மா. கூப்பிட்டேன், திரும்பவே இல்லை" என்று நாச்சி சொன்னாள். ஆவுடை அவள் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனாள்.

தொட்டிக்கு உயிர் வந்ததே தவிர, அவள் வாரம் சீராகவில்லை. மூன்றாம் மாதம் மறுபடி தொட்டி செத்தது. மறுபடி வண்டி வந்தது. இந்தத் தடவை பன்னிரண்டு ஞாயிறு கேட்டான், கொடுத்தாள். அதுவும் தீர்ந்தபோது ஒரு செம்பு அகப்பையோடு வந்தான். இதை வைத்துக் கலக்கினால், திறந்தாலும் திறக்காவிட்டாலும் தொட்டி சாகாது, எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்றான். விலை, அவளுக்கு இனி வரப்போகிற ஞாயிறு அத்தனையும். வேண்டாம் ஆவுடை என்று வைரவன் அவள் கையைப் பிடித்தான். இந்த ஒரு தடவை மட்டும் என்று அவள் கையை உருவிக்கொண்டாள்.

அதன்பிறகு அவளுடைய வாரத்துக்கு ஆறே நாள். சனி இரவு கண்ணை மூடினால் திங்கள் காலையில்தான் திறப்பாள். ஞாயிறன்று அவள் உடம்பு மட்டும் பட்டறையில் நின்று காலித் தொட்டியைக் கலக்கும். கண் திறந்திருக்கும், எதையும் பார்க்காது.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாத மழை. நனைந்து நனைந்து தழை சுமந்த வைரவனுக்குச் சனிக்கிழமை உடம்பு சுட்டது. ஆவுடை நெற்றியில் ஈரத்துணி போட்டாள். ஒரு கஷாயம் வைத்துத் தருகிறேன், காலையில் சரியாகிவிடும் என்றாள். வைத்தும் கொடுத்தாள். பக்கத்திலேயே படுத்தாள்.

விழித்தபோது வீட்டில் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வைரவன் படுத்திருந்த பாய் சுருட்டி வெளியே கிடந்தது. எட்டு வயது நாச்சி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு வடிவாச்சிதான் சொன்னாள்.

"நேத்து உச்சிப்பொழுது தாண்டினதும் போயிட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டாங்க. உன்னை உலுக்கினோம் ஆவுடை. எத்தனை பேர் உலுக்கினோம். நீ கலக்கிக்கிட்டே இருந்தே."

ஆவுடை ஆற்றுக்கு ஓடினாள். எரித்த இடத்தை வெள்ளம் ஏறி அலசிவிட்டுப் போயிருந்தது. ஒரு பிடி சாம்பல்கூட மிச்சமில்லை. நனைந்த மணலில் மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

அன்று முதல் நாச்சி தாயிடம் பேசுவது ஒற்றைச் சொல்லாகிவிட்டது. சாப்பிட்டாயா என்றால் ம். தூங்குகிறாயா என்றால் ம். அப்பா ஏதாவது சொன்னாரா என்று ஒரு நாள் ஆவுடை கேட்டபோது அந்த ம் கூட வரவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கிழமையாண்டி வந்தான். திங்கட்கிழமைகளையும் விற்கிறீர்களா என்று கேட்டான். ஆவுடை அகப்பையை அவன் காலடியில் எறிந்தாள். என் ஞாயிறைத் திருப்பிக் கொடு என்றாள். வாங்கினதைத் திருப்பித் தரும் பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் ஆற்றில் முகம் கழுவப் போனான்.

அவள் எப்போதும்போல் கழுதைக்குக் கஞ்சித் தண்ணீர் வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள். கழுதை குடிக்கவில்லை. பேசியது.

"நான் தெற்கத்திக் கொல்லன் அம்மா. பட்டறை வச்சுப் பிழைச்சவன். ஒவ்வொண்ணா ஏழு கிழமையும் இவனுக்கு வித்தேன். நாளே இல்லாதவன் மனுஷனா இருக்க முடியாது. அதான் இப்படி நிக்கிறேன். நீ சீக்கிரம் கேட்டுக்கோ. வேலி இல்லாத நாளைத்தான் இவனால எடுக்க முடியும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு சொல்றபோதுதான் வேலி பிரியுது. உனக்கு ஆறு நாள் மிச்சமிருக்கு. ஆறுக்கும் வேலி கட்டு. முரசு அடிச்சாத் திற, முரசு அடிச்சாச் சாத்து. ஒரு முழு வருஷம், ஒரு நாள் தவறாம. ஏழாவது நாள் தானா உன்கிட்ட திரும்பி வரும். வாங்கின நாள் ஒண்ணு கையை விட்டுப் போச்சுன்னா இவனும் உதிர்ந்துடுவான். ஒரு தடவை தவறினாலும் முதல்லேர்ந்து எண்ணணும்."

ஆவுடை அன்றே தொடங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஆறு துணித்துண்டுகளுக்கு ஆறு விதமாகச் சாயமேற்றினாள். திங்களுக்கு வெளிறிய நீலம், நாள் ஏற ஏற அழுத்தமாகி, சனிக்குக் கருநீலம். அந்தந்த நாளின் துணி வாசலில் பறக்கும். ஞாயிறன்று கம்பம் வெறுமையாக நிற்கும். மந்திர அகப்பை இல்லாததால் இனி தொட்டியை அவளேதான் வேளைக்கு வேளை பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டாள்.

பத்து வாரம் ஒழுங்காகப் போனது. பதினோராவது வாரம் முரசு அடித்துச் சாத்தியபிறகு வடிவாச்சி வந்தாள். தங்கைக்கு வளைகாப்பு என்றாள். புருஷனை எடுத்துப்போட ஓடி வந்தவளாயிற்றே, எப்படி மறுப்பது? ஆவுடை கதவைத் திறந்தாள். மறுநாளிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.

இரண்டாம் முறை நாற்பது வாரம் வந்துவிட்டாள். வைரவனுக்குத் திதி ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. காலை முரசு அடித்தது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் படுத்திருந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். வெளியே ஆட்கள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் எழுந்தபோதுதான் நாற்பது வாரமும் போனது தெரிந்தது. திறக்கக்கூடாத நேரத்தில் திறப்பதும், திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காததும் இரண்டும் ஒரே தவறுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. யாரிடமும் அழவில்லை. புதன்கிழமை முரசு அடித்ததும் போய்த் திறந்தாள். ஒன்று.

மூன்றாம் முறை அவளுக்கு ஆசையும் இல்லை, அவசரமும் இல்லை. திங்கள் என்றால் ஊறல், செவ்வாய் என்றால் கலக்கல். மனசு கிடந்து தவித்தாலும் கை தன் வேலையைச் செய்தது. மலைநாட்டு நெசவாளர்கள் சனிக்கிழமை பார்த்து வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் யாரும் பூட்டைப் பார்த்துத் திரும்பவில்லை. பத்து வயதான நாச்சி ஒரு நாள் யாரும் சொல்லாமலே வாசல் துணியை மாற்றிக் கட்டினாள். ஆவுடை பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். பேசினால் எங்கே அதுவும் நின்றுவிடுமோ என்று பயம்.

நடு வருஷத்தில், ஒரு சனிக்கிழமை மாலை முரசு அடித்த கையோடு, மந்திரி குதிரையில் வந்து இறங்கினார். இளவரசர் பட்டாபிஷேகத்துக்கு யானைகளின் முகபடாம் திங்கள் காலைக்குள் நீலமாகவேண்டும், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் திற என்றார். துணியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் எஜமான், திங்கள் திறப்பேன், வரும் சனிக்கிழமை மடித்துத் தருவேன் என்றாள் ஆவுடை. தொட்டியில் மண்ணை அள்ளிப்போட்டு மூடுவேன் என்றார் மந்திரி. ஆனாலும் அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

சொன்னபடியே ஒரு தொட்டியை மண்ணால் மூடிவிட்டார்கள். மிச்சம் இரண்டை வைத்துக்கொண்டு திங்கள் முரசுக்குத் திறந்தாள். சனிக்கிழமை முகபடாம் மடிப்புக் கலையாமல் அரண்மனைக்குப் போனது. பட்டாபிஷேகத்துக்கு அப்போதும் மூன்று நாள் இருந்தது. ராஜா அந்த நீலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். தொட்டியிலிருந்த மண்ணை மந்திரியே நின்று அள்ளவைத்துவிட்டு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஐம்பத்திரண்டாவது வாரத்துச் சனிக்கிழமை வந்தது. சாயங்கால வெயில் பாறைகளில் சரிந்திருந்தது. முரசுக்கு இன்னும் ஒரு நாழிகை. உள்ளே கொடுக்கவேண்டிய துணிகள் கொஞ்சம் மடிக்கக் கிடந்தன. அப்போது வாசலில் ஒரு குரல்.

"ஆவுடை, சீக்கிரம் சாத்திட்டு வா. ஆத்துக்குப் போகலாம்."

வைரவன் நின்றுகொண்டிருந்தான். அதே துண்டு, தழை சுமந்து ஒரு பக்கம் சாய்ந்த அதே தோள். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்றான். ஆவுடையின் கால்கள் தாமாகவே இரண்டு அடி நகர்ந்துவிட்டன. உயிரோடிருந்தபோது எத்தனை சாயங்காலம் இதே வார்த்தையைக் கேட்டான். எத்தனை சாயங்காலம் இதோ, இதோ என்று சொல்லி அனுப்பினாள். இன்றைக்கும் அதையே சொல்லவேண்டுமா? இது அவனில்லை என்று அறிவு சொன்னது. அவனாக இருந்துவிட்டால் என்று நெஞ்சு கேட்டது.

"முரசு அடிக்கட்டும்" என்றாள். "அடிச்சதும் வர்றேன். கொஞ்சம் நில்லுங்க."

அவன் நின்றான். அவள் குனிந்து துணி மடித்தாள். கண்ணீர் துணியில் விழாமல் தோளில் துடைத்துத் துடைத்து மடித்தாள். ஒரு நாழிகையும் அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் வாழ்நாளில் அதைவிட நீளமான நாழிகை இல்லை. கடைசித் துணியையும் கொடுத்து அனுப்பினாள். முரசு அடித்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

வைரவன் இல்லை. அவன் நின்ற இடத்தில் கிழமையாண்டி நின்றான். ஊராரின் நாட்களைத் தின்று இளமையாக இருந்த முகம் அவள் கண்ணெதிரே சுருங்கிச் சருகாகி உதிர்ந்தது. வண்டி மூட்டைகள் வாய் பிளந்தன. உள்ளே இருந்ததெல்லாம் பகல் வெளிச்சம். ஒன்றில் மழை வாசனை, ஒன்றில் யார் வீட்டுக் குழம்பு வாசனையோ. தங்களுக்கு உரியவர்களைத் தேடி அவை திசைக்கொன்றாகப் பறந்தன. ஆவுடை ஓடி ஓடி அந்த ஐப்பசி ஞாயிறைத் தேடினாள். அது இல்லை. கழிந்த நாள் கழிந்ததுதான். திரும்பி வந்தவை இனி வரப்போகிற நாட்கள் மட்டுமே.

கழுதை நின்ற இடத்தில் ஒரு நரைத்த மனிதன் எழுந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீட்டில் யாரும் உயிரோடு இருப்பார்களா தெரியாது என்றான். ஆனாலும் போய்ப் பார்க்கிறேன் என்று தெற்கே நடந்தான்.

மறுநாள் ஆவுடை கண் விழித்தாள். ஞாயிற்றுக்கிழமை. என்ன செய்வதென்றே தெரியாமல் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாச்சி எழுந்து வந்து, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி, தாயின் கண்களை உற்றுப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு மேலாக எந்த ஞாயிறிலும் அந்தக் கண்கள் அவளைப் பார்த்ததில்லை.

"அம்மா, முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன்டி."

விளக்குமாறு கீழே விழுந்தது. நாச்சி நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினாள். இரண்டு வருஷத்து அழுகை. ஆவுடை எழுந்துபோய் அவளை மடியில் போட்டுக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை மடியில் அடங்கவில்லை. கால்கள் இரண்டும் வெளியே நீண்டு கிடந்தன. வெயில் முற்றத்துக்கு வந்தபிறகுதான் நாச்சிக்குப் பேச்சு வந்தது.

"அன்னிக்கு அப்பாவுக்குக் காய்ச்சல்ல ஒண்ணுமே நினைவில்லை. பழைய நாள்னு நினைச்சுக்கிட்டாரு. இன்னிக்கு என்ன கிழமை நாச்சின்னு கேட்டாரு. ஞாயிறுன்னு சொன்னா, அம்மா கடை சாத்தியிருப்பா, கூப்பிடுன்னு சொல்லுவாரு. நீ வரமாட்டே. அதனால சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டாரு. ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமைன்னே சொன்னேன். அப்ப நாளைக்கு வந்துடுவான்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாரு. சாகப் போற அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டேம்மா."

ஆவுடை மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"பொய் இல்லைடி. எனக்கு அன்னிக்கு ஞாயிறே இல்லையே. நான் சனிக்கிழமைதானே அவரு பக்கத்துல படுத்தேன். நீ என் கணக்குப்படிதான் சொல்லியிருக்கே."

அன்றைக்கு அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை. அடுப்புக்கூட மூட்டவில்லை. அப்பா என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், யார் தலையைத் தாங்கினார்கள் என்று ஆவுடை ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாச்சி ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரும் கதவைத் தட்டவில்லை. ஞாயிறன்று அந்தக் கதவு திறக்காது என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

அவர்கள் அப்படித் தேறி வாழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த நாமும் எழுந்து நம் வீடு போவோம்.